சரஸ்வதி ஸ்டோர்ஸ்

சரஸ்வதி ஸ்டோர்ஸ், 1932இல் சென்னையில் தொடங்கப்பட்ட இசைத்தட்டு நிறுவனம். பின்னாளில் ஏவி.எம். திரைப்பட நிறுவனத்தை நிறுவிய காரைக்குடி ஏ. வி. மெய்யப்பன் (1907–1979), கூட்டாளிகளோடு சேர்ந்து இதைத் தொடங்கினார்.

மெய்யப்பனின் தந்தை காரைக்குடியில் நடத்திய ஏ.வி. அண்டு சன்ஸ் கடையில் கிராமபோன் தட்டுகளும் விற்பனையாயின. எந்த பிளேட்டைக் கேட்டு ஆள் வருகிறது, எது அலமாரியிலேயே தூங்குகிறது என்பது கல்லாவில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். அந்த அறிவே முதல் மூலதனம். 

சென்னைச் சந்தையில் அப்போது கோலோச்சியது, கல்கத்தாவை அடுத்த டம்டமில் ஆலை வைத்திருந்த எச்.எம்.வி. அதை எதிர்க்கச் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஜெர்மனியின் ஓடியன் முத்திரையோடு கைகோத்தது. பாடகரைத் தேடுவது, ஒலிப்பதிவு, விற்பனை எல்லாம் சென்னைக்காரர்கள் பொறுப்பு. தட்டின் நடுவில் ஓடியன் பெயர். 1931இல் உருவான இ.எம்.ஐ. குழுமத்துக்குள் எச்.எம்.வி., ஓடியன் இரண்டுமே அடங்கிவிட்டன என்பதால், போட்டி உள்ளூரில்தான் நிஜமானது. சரஸ்வதி ஸ்டோர்ஸைச் சுதந்திரமான நிறுவனம் என்று சொன்னால், அதை அந்த அளவோடுதான் கொள்ள வேண்டும்.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடமே கிடைக்கும். கீர்த்தனையைச் சுருக்கிப் பாட வேண்டியிருந்தது. மேடை நாடகத்தைப் பல தட்டுகளில் பிரித்து ‘செட்’டாக விற்பதும் அக்காலத்து வழக்கம்.

பேசும்படம் வந்ததும் மெய்யப்பன் அந்தப் பக்கம் திரும்பினார். கல்கத்தாவில் எடுத்த ‘அல்லி அர்ஜுனா’வும் (1935) ‘ரத்னாவளி’யும் கையைக் கடித்தன. ‘நந்தகுமார்’ (1938) படத்தில் நடிகைக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமன் பாடினார். தமிழில் பின்னணிப் பாட்டின் தொடக்கமாக இதைக் குறிப்பிடுவர். தட்டுக்காகப் பாட வைத்துப் பழகியவருக்கு, குரலையும் முகத்தையும் பிரிக்கலாம் என்று தோன்றியதில் வியப்பில்லை. திரைப்பாட்டு பெருகப் பெருகத் தட்டு வியாபாரத்தின் முகமும் மாறியது. பெரம்பலூர், வேப்பந்தட்டைப் பக்கத்துக் கல்யாண வீட்டுக் குழாய் ரேடியோ வரை சென்று சேர்ந்தது கச்சேரியை விடப் படப்பாட்டே.

இந்தத் தொழில் மெய்யப்பனுக்குக் கற்றுத்தந்த பெரிய பாடம் உரிமை பற்றியது என்றே சொல்லலாம். பாரதி பாடல்களைத் தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை, பாரதி குடும்பத்திடமிருந்து நகை வணிகர் ஒருவர் கைக்குப் போய், அவரிடமிருந்து மெய்யப்பனிடம் வந்தது. ‘நாம் இருவர்’ (1947) படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. ‘பில்ஹணன்’ படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதி பாட்டைச் சேர்த்தபோது மெய்யப்பன் வழக்குத் தொடுத்தார். பாரதியைத் தனியொருவர் சொந்தம் கொண்டாடலாமா என்ற எதிர்ப்பு கிளம்பியது. 1949இல் அவர் அந்த உரிமையைப் பணம் பெறாமல் சென்னை அரசிடம் ஒப்படைத்தார்.