கொறடா

கொறடா என்றால் சாட்டை. குதிரை ஓட்டுபவர் கையில் இருப்பது. மராத்தியிலும் ‘கோரடா’ சாட்டையைத்தான் குறிக்கும். நாடாளுமன்றப் பொருள் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே நரி வேட்டையில், கூட்டத்தை விட்டு விலகும் நாய்களைச் சாட்டையோடு விரட்டிச் சேர்க்க ‘விப்பர்-இன்’ என்றோர் ஆள் இருந்தார். அந்தப் பெயர் ‘விப்’ என்று சுருங்கி, வாக்கெடுப்பு நேரத்தில் கட்சி உறுப்பினர்களை அவைக்குத் திரட்டி வருபவருக்கு ஆனது.

இன்று ஆளையும் கொறடா என்கிறோம், அவர் வழியாக வரும் ஆணையையும் கொறடா என்கிறோம். ஆணையில் அடிக்கோடு ஒன்று என்றால் வாக்கெடுப்பு இருப்பதாகத் தகவல்; இரண்டு என்றால் அவைக்கு வர வேண்டும்; மூன்று என்றால் வந்து, கட்சி சொன்னபடியே வாக்களிக்க வேண்டும்.

1985-இல் 52-ஆவது திருத்தம் அரசியலமைப்பில் பத்தாம் அட்டவணையைச் சேர்த்தபின் இந்தச் சாட்டைக்கு உண்மையாகவே வலு வந்தது. கட்சியின் ஆணையை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ பதவி பறிபோகலாம். கட்சி பதினைந்து நாளுக்குள் பொறுத்துக்கொண்டால் தப்பலாம். குடியரசுத் தலைவர் தேர்தலில் கொறடா செல்லாது.

கட்சித் தாவலைத் தடுக்க இது தேவைதான். ஆனால் ஒவ்வொரு மசோதாவுக்கும் இதை வீசினால், தொகுதி மக்களுக்காக மாற்றுக் கருத்தோடு வாக்களிக்க உறுப்பினருக்கு வழியே இல்லை. நம்பிக்கை வாக்கெடுப்போடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு 1990-இலேயே பரிந்துரைத்தது. அதை இனியாவது ஏற்க வேண்டும்.