குற்றவாளி துடுப்பா, குமிழா?

மாட்டுக்குக் கோமாரி கண்டால் வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் வெடிக்கும். மாடு உழவுக்கும் ஆகாது, கறவைக்கும் ஆகாது. இதற்குத் தடுப்பூசி செய்ய, நோய் தரும் வைரஸைப் பெருமளவில் வளர்க்க வேண்டும். வைரஸோ உயிருள்ள உயிரணுவுக்குள் அன்றி வேறெங்கும் பெருகாது. ஆகவே முதலில் உயிரணுக்களை வளர்த்தாக வேண்டும். அதுவும் குப்பிக்கணக்கில் அன்று, தொட்டிக்கணக்கில்.

உடலுக்கு வெளியே உயிரணு வாழும் என்பதை 1907இல் அமெரிக்கரான ராஸ் ஹாரிசன் காட்டினார். தவளைக் கருவின் நரம்புத் துண்டு ஒன்று, தொங்கும் ஒரு சொட்டு நிணநீரில், அவர் கண்ணெதிரே இழை விட்டு வளர்ந்தது. சொட்டிலிருந்து தொட்டிக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1961இல் கிளாஸ்கோவில் மக்ஃபர்சனும் ஸ்டோக்கரும், ஹாம்ஸ்டர் என்னும் எலியினக் குட்டியின் சிறுநீரகத்திலிருந்து பி.எச்.கே.-21 என்ற உயிரணு வழியை உருவாக்கினர். மறு ஆண்டே இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வுக்கூடத்தில் கேப்ஸ்டிக் குழுவினர் அதைக் கண்ணாடிச் சுவரில் ஒட்டவிடாமல், ஊட்டக் கரைசலில் மிதக்கவிட்டே வளர்த்தனர். கோமாரித் தடுப்பூசிக்கு வழி பிறந்தது.

தொட்டி என்றதும் பொறியாளர் நினைவுக்கு வந்தது பென்சிலின் தொட்டிதான். அடியிலிருந்து காற்று சீறும். நடுவில் துடுப்பு வேகமாகச் சுழலும். பென்சிலின் பூஞ்சைக்கு உறுதியான சுவர் உண்டு, அது தாங்கும். விலங்கு உயிரணுவுக்குச் சுவரே கிடையாது. அதன் மேலுறை, ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கு தடிப்புக்கூட இல்லாத சவ்வு. அத்தகைய தொட்டியில் அது செத்ததில் வியப்பில்லை. எதனால் செத்தது என்பதில்தான் தவறு நேர்ந்தது.

பழி துடுப்பின்மேல் விழுந்தது. அடுத்தடுத்த நீரடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் நகரும்போது இடையில் அகப்பட்டது கிழியும் அல்லவா? எனவே துடுப்பை மெல்லச் சுழற்றினர். மெல்லச் சுழற்றினால் ஆக்சிஜன் கரைவதும் குறையும். 37 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் காற்றிலிருந்து கரைந்து நிற்கும் ஆக்சிஜன் சுமார் 7 மில்லிகிராம்தான். மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் உயிரணுக்கள் இருந்தால் ஓரிரு மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். சிறு குப்பியில் மேற்பரப்பு வழியாகவே காற்று போதிய அளவு புகும். ஆனால் அதே வடிவில் ஒரு லிட்டரை ஆயிரம் லிட்டராக்கினால், கன அளவு ஆயிரம் மடங்காகும்போது மேற்பரப்பு நூறு மடங்குதான் ஆகும். ஆகவே பெரிய தொட்டியில் காற்றைக் குமிழாக விடுவதே எளிய வழி.

இங்கே சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கலக்கும் நீரில் பெரிய சுழல்கள் சிறு சுழல்களாக உடைந்துகொண்டே போகும். மிகச் சிறிய சுழலின் அளவை மதிப்பிடும் முறையை ரஷ்ய அறிஞர் கோல்மகோரோவ் 1941இல் தந்தார். மிதமாகக் கலக்கும் தொட்டியில் அது ஏறத்தாழ 100 மைக்ரான். உயிரணுவோ 15 மைக்ரான். பெரிய சுழலில் அகப்பட்ட புளியங்கொட்டை போல அது கூடவே சுற்றிவரும், பிய்ந்துபோகக் காரணமில்லை. (1967இல் வான் வெசல் அறிமுகப்படுத்திய சிறு மணிகளின்மேல் ஒட்டி வளரும் உயிரணுக்களின் கதை வேறு. மணி 200 மைக்ரான் அளவுள்ளது. அங்கே துடுப்பு உண்மையிலேயே குற்றவாளிதான்.)

1989இல் இங்கிலாந்தில் ஹந்தா-காரிகன், எமரி, ஸ்பியர் ஆகியோர், சாவு நிகழ்வது தொட்டியின் மேற்பரப்பில், குமிழ்கள் உடையும் இடத்தில் என்று காட்டினர். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் குனாஸ், பப்புட்சாகிஸ் இருவரும் கலனில் காற்றுக்கு இடமே வைக்காமல் நிரப்பிக் கலக்கினர். நிமிடத்துக்கு 600 சுற்று சுழற்றியும் உயிரணுக்கள் பிழைத்தன!

சோப்புப் படலத்தை ஊசியால் குத்தும் சோதனையை வகுப்பில் ஆண்டுதோறும் செய்து காட்டுகிறேன். படலம் மறைந்ததைத்தான் மாணவர் காண்கின்றனர். அது எவ்வளவு விரைவாகச் சுருங்கிற்று என்று எவரும் கேட்பதில்லை. 10 மைக்ரான் தடிப்புள்ள நீர்ப்படலம் கிழிந்தால், பரப்பு இழுவிசை அதன் விளிம்பை நொடிக்கு மூன்றரை மீட்டருக்குக் குறையாத வேகத்தில் இழுக்கும். குமிழின் தலையில் ஒட்டிய உயிரணு, ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் இந்தச் சவுக்கடியைப் பெறுகிறது. பூச்சி உயிரணுக்களை வைத்து 1994இல் வெளியான ஓர் அளவீட்டின்படி, மூன்றரை மில்லிமீட்டர் குமிழ் ஒன்று உடைந்தால் சுமார் ஆயிரம் உயிரணுக்கள் மடிகின்றன.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. நோய் இன்னதென்று தெரியும் முன்பே மருந்து கையில் இருந்தது. பிளூரானிக் எஃப்-68 என்னும் சோப்பையொத்த பொருளைச் சேர்த்தால் மிதக்கும் உயிரணுக்கள் நன்கு வாழ்கின்றன என்று ஸ்விம், பார்க்கர் இருவரும் 1960இலேயே எழுதிவிட்டனர். லிட்டருக்கு ஒரு கிராம் போதும். அது குமிழின் பரப்பை முதலில் பிடித்துக்கொள்கிறது. உயிரணு அங்கே ஒட்ட முடியாமல் நழுவிவிடுகிறது. குமிழ் உடையும்போது அது அங்கில்லை, அவ்வளவுதான். சால்மர்ஸ், பவேரியன் ஆகியோர் 1991இல் இதை நுண்ணோக்கியில் பார்த்தனர்.

குமிழிலிருந்து தப்பியவற்றுக்கும் சாவு வேறு வழியில் வருகிறது. குளுக்கோஸிலிருந்து லாக்டிக் அமிலமும், குளூட்டமினிலிருந்து அம்மோனியாவும் சேர்ந்து கரைசலைக் கெடுக்கின்றன. ஊட்டம் தீரும்போது பல உயிரணுக்கள் கிழிவதில்லை. தாமே தம்மை ஒழுங்காகக் கலைத்துக்கொள்கின்றன. 1972இல் கெர், வில்லி, கரி மூவரும் ‘அப்போப்டோசிஸ்’ என்று பெயரிட்டது இந்தத் தற்கொலைக்குத்தான்.

சீன ஹாம்ஸ்டரின் உயிரணுக்களில் தயாரான, இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று அவ்வுயிரணுக்கள் பத்தாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிகளில் வளர்கின்றன. குமிழ்ச் சிக்கல் மட்டும் தீர்ந்தபாடில்லை. குமிழ் சிறிதானால் ஆக்சிஜன் விரைவில் கரையும். ஆனால் உயிரணுக்களுக்குச் சேதம் கூடும், அவை விடும் கரியமில வாயுவும் சரிவர வெளியேறாது. குமிழ் பெரிதானால் கரியமில வாயு போய்விடும், ஆக்சிஜன் போதாது. எனவே ஒரே தொட்டியின் அடியில் இருவகைத் துளைகளை வைத்து, சிறு குமிழும் பெருங் குமிழுமாகக் கலந்து விடுவோரும் உண்டு.