தனியார் ஆவணங்கள் (சேலம், நாமக்கல்)

தனியார் ஆவணங்கள் என்பவை தனிமனிதரோ குடும்பமோ தம் வாழ்க்கைப் போக்கில் உருவாக்கிய அல்லது பெற்றுச் சேர்த்த எழுத்துகள் ஆகும். கடிதங்கள், நாட்குறிப்புகள், ஓலைச்சுவடிகள், கிரயப் பத்திரங்கள், பேரேடுகள், மொய்க் கணக்குகள், ஒளிப்படங்கள் முதலியன இவற்றுள் அடங்கும். அரசு ஆவணங்கள் பதியாத அன்றாட வாழ்வை இவை காட்டுவதால் வரலாற்று ஆய்வுக்கு முதன்மைச் சான்றுகளாகின்றன.

வட்டாரப் பின்னணி

சேலம் பகுதி 1792இல் ஆங்கிலேயர் வசமானது. அக்கால நிருவாகச் செய்திகள் பாராமகால் ஆவணங்களில் உள்ளன. நாமக்கல் மாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரசு எழுத்துகளில் வரியும் நிலமும் முதன்மை பெறுகின்றன. நெசவுக் குடும்பங்களின் நூல் கணக்கு, சவ்வரிசி ஆலைகளின் பேரேடு, சரக்குந்துத் தொழில் கணக்கு போன்றவை பெரும்பாலும் வீடுகளிலேயே தங்கிவிடுவன. கிராமக் கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்படும் வரை ஊர்க் கணக்குகள் பலவும் கர்ணங்களின் பொறுப்பில் இருந்தன.

பாதுகாக்கப்பட்டவை

சேலத்தில் வழக்கறிஞராக இருந்த சே. விசயராகவாச்சாரியார் (1852–1944), 1882ஆம் ஆண்டுச் சேலம் கலவர வழக்கில் தண்டிக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டவர். 1920இல் நாக்பூர் காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். இராசகோபாலாச்சாரி (1878–1972) 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். இவ்விருவரின் ஆவணத் தொகுப்புகளும் தில்லி தீன்மூர்த்தி மாளிகையில் உள்ள நேரு நினைவு அருங்காட்சியகம் மற்றும் நூலகத்தில் சேர்க்கப்பட்டன. அந்நிறுவனம் 2023 முதல் பிரதமர்கள் அருங்காட்சியகம் மற்றும் நூலகம் என வழங்கப்படுகிறது.

கடிதம் எழுதியவரிடம் அன்றிப் பெற்றவரிடமே தங்குவது இயல்பு. எனவே ஒருவரின் கடிதங்களைத் தேடுவோர் அவருடைய நண்பர்களின் தொகுப்புகளையும் பார்த்தல் வேண்டும்.

மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888–1972) வாழ்ந்த நாமக்கல் இல்லம் நினைவில்லமாகவும் நூலகமாகவும் ஆக்கப்பட்டுள்ளது.

அழிவுக்கான காரணங்கள்

கரையான், பூச்சி, ஈரம், வெப்பம், தாளிலுள்ள அமிலம் ஆகியவை இயற்கைக் காரணங்கள். பாகப்பிரிவினை, வீடு இடித்துக் கட்டுதல், பழைய தாளாக விற்றல் ஆகியவை மனிதரால் நேர்வன. ஆடிப்பெருக்கின்போது பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கமும் தமிழகத்தில் இருந்தது. தலைவர்களின் தாள்கள் காப்பகங்களை அடைகின்றன. எளிய குடும்பங்களின் தாள்களோ ஒரு தலைமுறை மாறும்போது மறைகின்றன. படி எடுக்கப்படாத கையெழுத்து ஒரே ஒரு படியாக இருப்பதால், அது அழிந்தால் மீட்க இயலாது.

பாதுகாக்கும் முறைகள்

* தாள்களை அவை இருந்த வரிசையிலேயே வைத்தல். யார் சேர்த்தார், எக்கட்டில் இருந்தது என்பதும் ஒரு சான்றாகும்.
* துருப்பிடிக்கும் குண்டூசிகளையும் இரப்பர் வளையங்களையும் நீக்குதல்.
* அமிலமற்ற உறைகளில் இட்டு, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைத்தல்.
* கிழிந்த தாளில் பிசின் நாடா ஒட்டாதிருத்தல். அது காலப்போக்கில் கறையை உண்டாக்கும்.
* ஓலைச்சுவடிகளை மென்தூரிகையால் துடைத்து எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுதல். மை பூசிய ஏடுகளில் இதனை வல்லுநரே செய்தல் நன்று.
* ஒளிப்படங்களின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை மென்மையான பென்சிலால் குறித்தல்.
* எண்ணிமப் படி எடுத்தல். எனினும் மூலத்தை அழித்தல் கூடாது.

காப்பகத்துக்கு அளித்தல்

பொது ஆவணங்கள் சட்டம், 1993 தனியாரிடமிருந்து வரலாற்றுச் சிறப்புள்ள ஆவணங்களைக் கொடையாகவோ விலைக்கோ பெற இந்தியத் தேசிய ஆவணக்காப்பகத்துக்கு வழிவகுக்கிறது. தாளை அளிப்பதும் பதிப்புரிமையை அளிப்பதும் வேறுவேறு. கடிதத்தின் பதிப்புரிமை அதனை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. பெற்றவருக்குத் தாள் மட்டுமே உடைமை. உயிருடன் இருப்போரின் அந்தரங்கச் செய்திகள் இருப்பின், குறிப்பிட்ட காலம் வரை அப்பகுதியைத் திறக்கலாகாது என்னும் நிபந்தனையுடன் அளிக்கலாம். இந்நிபந்தனைகளை ஒப்படைக்கும்போதே எழுத்தில் பதிவு செய்தல் வேண்டும்.