அம்மைக்குத்தும் சேரிக் கைகளும்

போன வருஷம் மாங்காட்டில் எங்கள் காலனி இரவுப் பாடசாலையில் கல்லூரி மாணவர்கள் ஒரு விவாதம் வைத்தார்கள். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டுமா, பெற்றோர் விருப்பத்துக்கு விட்டுவிட வேண்டுமா என்பது தலைப்பு. ஒரு பக்கம் பொதுநலம், மறுபக்கம் தனிமனித உரிமை. நன்றாகத்தான் பேசினார்கள். பின்னால் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த என் ஆயா பாதியில் எழுந்தாள். "இன்னாடா பேசறீங்க? எங்கள எவன் கேட்டான்?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆயாவின் முகமெல்லாம் அம்மை வடு. அவளுக்கு மூத்தவர்கள் இரண்டு பேர் வைசூரியில் போனார்கள். அவள் பெற்ற பிள்ளைகளுக்கு, அதாவது என் அம்மாவுக்கும் மாமனுக்கும், அறுபதுகளில் அம்மை குத்தினார்கள். வட்டமாய்ப் பல் வைத்த ஒரு கருவியை மேல்கையில் அழுத்தித் திருகுவார்களாம். அம்மாவின் இடக்கையில் அந்தத் தழும்பு இரண்டு, காலணா அகலத்துக்கு இன்னும் இருக்கின்றன. ஆயா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அம்ம குத்தறவரு சைக்கிள்ல வருவாரு. ஊருக்குள்ள திண்ணையில ஒக்காந்து மொதல்ல அவங்க புள்ளைங்களுக்கு. அங்க புள்ளய ஒளிச்சி வெச்சா, 'அப்புறம் வர்றேம்மா'ன்னு நல்லபடியா பேசிட்டுப் போவாரு. எங்ககிட்ட வரும்போது தலையாரியும் கூடவே வருவான். வெக்கப்போருக்குப் பின்னால ஒளிஞ்சாலும் இஸ்துக்கினு வந்து குத்துவாங்க. எங்களுக்குக் குத்தின ஊசிய எடுத்துக்கினு மறுபடி ஊருக்குள்ள போவக்கூடாது. நெருப்புல காட்டினாலும் போவக்கூடாது."

தீ எல்லாத் தீட்டையும் போக்கும் என்று சாத்திரம் எழுதியவர்கள், எங்கள் ரத்தம் பட்ட ஊசிக்கு மட்டும் விதிவிலக்கு வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஆயா சொல்லும் இந்த வரிசைக்கு ஒரு முன்கதை உண்டு. இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் 1796இல் மாட்டம்மையின் நீரை ஒரு சிறுவனின் கையில் ஏற்றிப் பார்த்தார். பெரியம்மையைத் தடுக்க அதுவே போதும் என்று கண்டார். அந்த அம்மைப்பாலை இந்தியாவுக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடாக இருந்தது. மாதக்கணக்கான பயணத்திலும் வெயிலிலும் அது கெட்டுப்போனது. கடைசியில் பாக்தாத், பாஸ்ரா வழியாகப் பம்பாய் வந்து, 1802 ஜூன் 14 அன்று மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றின் கையில் பிடித்தது. பெயர் அன்னா டஸ்தால். வெள்ளைக்காரர் வீட்டில் வேலை பார்த்தவரின் பிள்ளை என்கிறார்கள். இந்தியாவில் முதலில் குத்தப்பட்ட கை அது. அந்தக் கையிலிருந்து எடுத்ததுதான் அதே வருஷம் சென்னைக்கும் வந்து சேர்ந்தது.

எப்படி வந்தது என்பதில்தான் நமக்கு வேலை இருக்கிறது. பெரும்பாலும் குழந்தைகளின் உடம்பு வழியாகத்தான் பரவியது. ஒரு பிள்ளைக்குக் குத்தினால் ஏறக்குறைய எட்டாம் நாள் அந்த இடத்தில் கொப்புளம் பழுக்கும். அதைக் கீறி நீரை எடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்த வேண்டும். இந்தச் சங்கிலி அறுந்தால் மருந்து போயிற்று. ஆகவே எப்போதும் கொப்புளத்தோடு ஒரு பிள்ளை தயாராக இருக்க வேண்டும், ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டும். கைக்குக் கை குத்துவது என்று இதற்குப் பெயர். பழுத்த கொப்புளத்தைக் கீறவிட எந்தத் தாய் சம்மதிப்பாள்? வசதி உள்ளவள் சம்மதிக்கவில்லை. காசு கொடுத்தும் மிரட்டியும் ஏழைகளின், தீண்டப்படாதோரின் பிள்ளைகளைப் பிடித்தார்கள். காலனிய மருத்துவ வரலாற்றை எழுதிய டேவிட் அர்னால்ட் போன்றவர்கள் இதை விரிவாகவே பதிவு செய்திருக்கிறார்கள். அதே ஆவணங்களில் இன்னொன்றும் இருக்கிறது: தாழ்ந்த சாதிப் பிள்ளையின் கையிலிருந்து எடுத்த நீரைத் தங்கள் பிள்ளைக்கு ஏற்றக்கூடாது என்று மேல்சாதியார் மறுத்தார்கள்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். மருந்தைச் சுமக்கும் பானையாக நம் பிள்ளையின் உடம்பு வேண்டும். பானையைத் தொட்டால் தீட்டு. கைக்குக் கை குத்தும்போது மேகநோய் போன்றவையும் சேர்ந்து தொற்றக்கூடும் என்று ஐரோப்பாவிலேயே பயம் இருந்தது. பயம் வீணும் அல்ல. ஆனால் இங்கே மறுப்புக்கு முதல் காரணமாக நோய் வரவில்லை, சாதிதான் வந்தது.

எம்.ஏ. தமிழ் படித்தவர்களுக்கு எல்லிஸ் துரையைத் தெரியும். தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்று 1816இல் எழுதியவர். அவர் அம்மை குத்துவதைப் பரப்புவதற்காகத் தமிழில் ஒரு கதையும் எழுதினார். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாக வரும் அதில், பசுவிடமிருந்து கிடைக்கும் இந்த மருந்து தேவியின் அருள் என்றாகிறது. வகுப்பில் எங்களுக்கு இதைச் சொல்லித்தரவில்லை. பசுவையும் புராணத்தையும் காட்டி யாரை இணங்க வைக்கப் பார்த்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்குக் கதை, எங்களுக்குத் தலையாரி.

பிறகு கன்றுக்குட்டியின் உடம்பிலேயே அம்மைப்பால் எடுக்கும் முறை வந்தது. 1899இல் கிண்டியில் தொடங்கிய கிங் நிலையம் முதலில் இந்த வேலைக்காகத்தான் ஏற்பட்டது. குழந்தைகளின் கை ஓய்ந்தது, கட்டாயம் ஓயவில்லை. 1880இல் தடுப்பூசிச் சட்டம் வந்தது. அதை ஏற்றுக்கொண்ட நகராட்சிகளிலும் தண்டுப் பகுதிகளிலும் அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கலாம் என்றது. 1939இல் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இதே காலத்தில் ஆண்டவர்களின் சொந்த நாட்டில் என்ன நடந்தது? அங்கே 1853இல் கட்டாயமாக்கினார்கள். தொழிலாளர்கள் ஊர்வலம் போனார்கள், அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். 1898இல் மனசாட்சிப்படி மறுக்கலாம் என்று சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். காந்திக்கும் மனசாட்சி இருந்தது. அம்மை குத்துவது அசுத்தமானது என்று எழுதினார். 1930இல் சபர்மதி ஆசிரமத்தில் பெரியம்மையில் குழந்தைகள் இறந்தபோதும் அவர் கொள்கை மாறவில்லை. சேரிக்காரிக்கும் மனசாட்சி உண்டு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அவள் மறுத்தால் அதற்குப் பெயர் அறியாமை, மூடநம்பிக்கை.

அம்மனைக் கும்பிட்டதை மூடநம்பிக்கை என்று தள்ளியவர்கள், அந்தக் கும்பிடுக்குள் இருந்த ஒழுங்கைப் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது, வெளியாளை உள்ளே விடாதது, நோயாளியைத் தனியே கிடத்துவது, தலைக்குத் தண்ணி ஊற்றும்வரை வீட்டைவிட்டுப் போகாதது எல்லாம் தொற்றைத் தெரிந்தவர்கள் வைத்த ஏற்பாடுகள். அயோத்திதாசப் பண்டிதர் அம்மனை வேம்பின் குணம் கண்டு சொன்ன பௌத்த பிக்குணியாகவே பார்த்தார். எங்கள் பக்கம் மாங்காட்டுக் காமாட்சிக்கு எலுமிச்சம்பழம் கொண்டுபோகிற கூட்டம் ஒன்று. ஆனால் அம்மை போட்டால் ஆயா ஓடுவது காலனி எல்லையில் இருக்கும் மாரியிடமும் திருவேற்காட்டுக் கருமாரியிடமும்தான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேப்பிலை ஆயாவின் அண்ணன்களைக் காப்பாற்றவில்லை. அம்மாவைக் காப்பாற்றியது அந்தத் திருகு ஊசிதான். 1975க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் பெரியம்மை வரவில்லை. 1980இல் உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அந்தக் கடைசி ஆண்டுகளில் பீகாரின் சிங்பூம் பக்கம், ஹோ ஆதிவாசி வீடொன்றின் கதவை ராத்திரியில் உடைத்து உள்ளே போய் ஆட்களைப் பிடித்துக் குத்தியதை, குத்தப் போன குழுவில் இருந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். நோய் ஒழிந்ததும் உண்மை, கதவு உடைந்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க எனக்கு மனசில்லை.

இப்போது நிலைமை என்ன? பிள்ளைகளின் தடுப்பூசிக்கு நாடு தழுவிய கட்டாயச் சட்டம் இல்லை. கொரோனா காலத்தில், 2021இல், ஊசி போடாதவர் பொது இடத்துக்கு வரக்கூடாது என்று தமிழக அரசு அந்தப் பழைய 1939ஆம் வருஷச் சட்டத்தைத்தான் எடுத்தது. யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, ஆனால் பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு வைக்கலாம் என்று 2022 மே 2 அன்று உச்சநீதிமன்றம் சொன்னது.

தீர்ப்பு இருக்கட்டும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்கள். தமிழ்நாட்டில் 1.76 கோடிப் பிள்ளைகளுக்குப் போடுவது திட்டம். வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது. எங்கள் பக்கத்தில் காசு கட்டிப் படிக்கும் பள்ளி ஒன்றில் பெற்றோருக்குப் படிவம் கொடுத்து, சம்மதமா என்று கையெழுத்து கேட்டார்கள். என் அக்கா மகள் படித்த பள்ளியில் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "ஊசி போட்டாங்க" என்று அவள் சொல்லித்தான் தெரியும். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. போட்டது நல்லதுதான். கேட்டிருந்தால் அக்கா வேண்டாம் என்று சொல்லியிருக்கவும் மாட்டாள்.

படிவத்தில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்குத் தனி அறை உண்டு, சத்தான சாப்பாடு உண்டு, காய்ச்சல் வந்தால் கார் உண்டு. தட்டம்மை காற்றில் பரவுவது. அது பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டுக்கு வந்தால், சவலைப் பிள்ளையைத்தான் முதலில் அள்ளும். ஒன்பது மாசம் ஆகாத பிள்ளைக்கு அந்த ஊசியே போடமாட்டார்கள். சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்டால்தான் அதற்குக் காப்பு. அதனால்தான் 'பெற்றோர் விருப்பம்' என்ற சொல்லை நான் நம்புவதில்லை. வசதியுள்ளவன் மறுப்பதற்கு இல்லாதவன் பிள்ளை விலை கொடுக்கிறது.

'கட்டாயம்' என்ற சொல்லையும் முழுசாக நம்ப முடியவில்லை. பக்கத்திலேயே திருவள்ளூர் மாவட்டம். அங்கே 2008 ஏப்ரல் 23 அன்று தட்டம்மை ஊசி போட்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. அரசு ஊழியர் கையால் போட்ட ஊசி. அதன் பிறகு கிராமத்துக்கே வந்து போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் ஊசி என்று மாற்றினார்கள். பாதுகாப்புக்காகத்தான். ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய், வரிசையில் நின்று திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு. 2005-06 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் எல்லா ஊசியும் போட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 81. பத்து வருஷம் கழித்து 2015-16இல் அது 70 ஆக இறங்கியது. இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். இதை விட்டுவிட்டுத் தாய்மார்களின் அலட்சியம் என்று பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. 2019-21இல் 89க்கு ஏறியது. இடையில் யாரையும் சிறையில் போடவில்லை.

சட்டம் போடுவதென்றால் முதலில் அரசைக் கட்டாயப்படுத்துங்கள். நர்ஸம்மா எங்கள் தெருவுக்கு வர வேண்டும். என்ன ஊசி, எதற்கு, என்ன ஆகலாம் என்று எங்களிடமும் உட்கார்ந்து சொல்ல வேண்டும். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் ஈடு தரவேண்டும், விசாரித்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் மறுக்கிறவர் இருந்தால், அபராதத்தைப் பற்றி அப்போது பேசலாம். அப்போது மறுப்பவர் பெரும்பாலும் எங்கள் தெருவில் இருக்கமாட்டார்.

போன மாசம் நர்ஸம்மாவோடு செங்கல் சூளைக்குப் போனேன். ஒரிசாவிலிருந்து வந்த குடும்பங்கள். ஒரு பெண் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு ஊசி போடவிட்டாள். முடிந்ததும் பிள்ளையின் நெற்றியில் கைவைத்துக் காட்டி ஏதோ கேட்டாள். எங்கள் இருவருக்கும் ஒரியா தெரியாது. காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்றுதான் கேட்கிறாள் என்று பக்கத்தில் இருந்த மேஸ்திரி சொன்னார். நர்ஸம்மா மாத்திரையைப் பாதியாக உடைத்துக் காட்டி, அட்டையின் பின்பக்கம் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். அவளிடம் போன் இல்லை. மேஸ்திரியிடம்தான் இருந்தது.