காணாப் பொருளின் எடை

தட்டில் வைக்க இயலாத பொருளை எடைபோடுவது எவ்வாறு? அது கண்ணுக்கே புலப்படாததாயின் அதன் எடையை அறிதல் கூடுமோ? கூடும் என்பதை வானநூல் வரலாறு காட்டுகின்றது.

1844ஆம் ஆண்டில் பெசல் என்னும் ஜெர்மானிய அறிஞர், சீரியஸ் விண்மீன் நேராகச் செல்லாது தள்ளாடிச் செல்வதைக் கண்டு, காணாத துணையொன்று அதனை இழுக்கின்றது எனத் துணிந்தார். 1862இல் அமெரிக்கரான ஆல்வன் கிரஹாம் கிளார்க் அத்துணையைத் தொலைநோக்கியிற் கண்டார். காண்பதன் அசைவைக் கொண்டு காணாததை அளக்கும் முறை இவ்வாறு வேரூன்றிற்று.

அத்துணை ஒரு வெண்குறுமீன். இவ்வகை விண்மீனின் நிறை ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டலாகாது என்னும் முடிவுக்கு வித்திட்ட கணக்கை, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும்போதே தொடங்கினார். இன்னும் செறிந்த நியூட்ரான் விண்மீனும் ஏறத்தாழ மூன்று மடங்கைத் தாண்டாது என்பர். அதற்கும் மேற்பட்ட செறிபொருள் கருந்துளையே. ஆகவே எடையே ஈண்டு தீர்ப்புக் கூறும் நடுவர்.

அன்னத்தில் ஒரு புதிர்

1964இல் நியூ மெக்சிகோவிலிருந்து ஏவிய ராக்கெட்டுக் கருவிகள், அன்னம் என்னும் விண்மீன் குழுவிலிருந்து எக்ஸ் கதிர் வருவதை உணர்த்தின. அதன் தோற்றுவாய்க்குச் 'சிக்னஸ் எக்ஸ்-1' என்று பெயர். 1971இல் கிரீனிச் வானாய்வகத்தின் லூயிஸ் வெப்ஸ்டர், பால் மர்டின் இருவரும், கனடாவில் தாமஸ் போல்டனும் தனித்தனியே அவ்விடத்து நீல விண்மீனின் நிறமாலையை ஆராய்ந்தனர். விண்மீன் நம்மை நெருங்கும்போது நிறமாலைக் கோடுகள் நீலப்பக்கமும், விலகும்போது சிவப்புப்பக்கமும் நகரும். அந்நகர்ச்சி 5.6 நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தது. காணாப் பொருளொன்றுடன் அவ்விண்மீன் சுற்றுகின்றது என்பது தெளிவாயிற்று.

கால அளவையும் வேகத்தையும் கெப்ளரின் விதியிற் பொருத்தினால், காணாப் பொருளின் நிறை இவ்வளவுக்குக் குறையாது என்னும் கீழெல்லை கிட்டும். பாதை சாய்ந்திருப்பின் நாம் அளப்பது வேகத்தின் ஒரு பகுதியே; எனவே உண்மை நிறை அதனினும் மிகும். சிக்னஸ் எக்ஸ்-1க்குக் கிட்டிய கீழெல்லையோ ஞாயிற்றின் நிறையிற் காற்பங்கே. நீல விண்மீன் மிகக் கனமானது என்று கொண்டாலன்றிக் கருந்துளை என்னும் முடிவு கிட்டாது. ஐயம் எழுந்ததில் வியப்பில்லை.

ஐயம் தீர்ந்த வழி

1975இல் எக்ஸ் கதிரில் ஒளிர்ந்து பின்னர் மங்கிய 'ஏ0620-00' என்னும் இரட்டையை மக்கிளின்டாக், ரெமில்லார்ட் இருவரும் ஆராய்ந்து 1986இல் முடிவை வெளியிட்டனர். அங்குள்ள சிறு விண்மீன் 7¾ மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கின்றது. அதன் வேகம் விநாடிக்கு 400 கிலோமீட்டருக்கும் மேல். இதனாற் கிடைத்த கீழெல்லையே மூன்று ஞாயிறுகளைத் தாண்டிற்று. துணை விண்மீனின் எடையை ஊகிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

சிக்னஸ் எக்ஸ்-1இன் எடை 2011இல் 14.8 ஞாயிறுகள் எனக் கணிக்கப்பெற்றது. அப்போது அதன் தொலைவு ஏறத்தாழ 6,070 ஒளியாண்டுகள் எனக் கொண்டனர். 2021இல் தொலைவு ஏறத்தாழ 7,200 ஒளியாண்டுகள் என்று தெரிந்ததும், எடையும் 21 ஞாயிறுகளாக உயர்ந்தது. விண்மீன் எட்டப் போகப் போக, அது உண்மையில் பெரிதும் கனமுமாதல் வேண்டுமன்றோ? துணையின் எடையும் உடன் ஏறிற்று.

எண் மாறிற்று, கருந்துளை என்னும் தீர்ப்பு மாறவில்லை. அளந்தது எது, ஊகித்தது எது என்று பிரித்துணரும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்ட இவ்வரலாற்றினும் நல்ல பாடம் அரிது.