பதினோராம் எண் கூண்டு

“ஏம்ப்பா, அங்க எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்க?”

2024 ஜூலை முதல் வாரக் கடைசியில் கடலூரிலிருந்து அம்மா போனில் கேட்டது இது. பெரில் புயல் யுகடான் தீபகற்பத்தைக் கடந்து மெக்ஸிகோ வளைகுடாவுக்குள் வந்திருந்தது. மெக்ஸிகோ எல்லைப் பக்கம் போய்விடும் என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு அறிவிப்புக்கு அறிவிப்பு அந்தக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே, நான் இருக்கும் ஹூஸ்டன் பக்கம் நகர்ந்து வந்தது. இங்கே கூண்டெல்லாம் கிடையாதும்மா, மேப் போடுவாங்க என்றேன். “சரி, மேப்ல உன் வீடு இருக்கா?” என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் டெக்ஸஸ் கடற்கரையின் புயல் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அம்மா கேட்ட அதே இரண்டு கேள்விகளைத்தான் இந்தக் கரைக்காரர்களும் நூறு வருடங்களுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. பதில் கிடைக்காத தடவைகளில் என்ன நடந்தது என்பதுதான் அந்த வரலாறே.

ஹூஸ்டனிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் கால்வெஸ்டன். கடலுக்கும் உள்விரிகுடாவுக்கும் நடுவே கிடக்கும் ஒல்லியான மணல் தீவு. 1900இல் அங்கே சுமார் 38,000 பேர் இருந்தார்கள். பருத்தி ஏற்றுமதியில் பணம் கொழித்த துறைமுகம். ஊரின் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து 8.7 அடிதான். அதே கரையில் தென்மேற்கே இருந்த இண்டியனோலா என்ற துறைமுகம் 1875இல் ஒரு புயலில் நொறுங்கி, எழுந்து நின்று, 1886இல் இன்னொரு புயலில் ஒரேயடியாக அழிந்துபோயிருந்தது. அதைப் பார்த்து மிரண்ட கால்வெஸ்டன்காரர்கள் தடுப்புச்சுவர் கட்டுவது பற்றிப் பேசினார்கள். பேச்சு பேச்சாகவே போயிற்று.

அவர்களுக்குத் தைரியம் கொடுத்தவர்களில் ஒருவர் ஐசக் கிளைன், ஊரின் வானிலை அதிகாரி. மருத்துவமும் படித்த, கடுமையாக உழைக்கிற மனிதர். 1891இல் உள்ளூர்ப் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரையில், கால்வெஸ்டனைப் புயல் பெரிதாகச் சேதப்படுத்தும் என்பது வெறும் மயக்கம் என்று அடித்துச் சொன்னார். கரையோரக் கடல் ஆழமில்லாதது, பெரிய அலை அங்கேயே உடைந்துவிடும் என்பது அவர் கணக்கு. உண்மை நேர் எதிர். கடல் ஆழமில்லாமல் இருந்தால்தான் காற்று தள்ளிவரும் நீர் கீழே இறங்க வழியின்றிக் கரையில் குவியும்.

அன்றைய உலகில் இந்த விஷயத்தை மிக நன்றாக அறிந்திருந்தவர்கள் வாஷிங்டனில் இல்லை, ஹவானாவில் இருந்தார்கள். பெலன் கல்லூரியின் இயேசு சபைப் பாதிரியார் பெனிட்டோ வின்யேஸ் 1870 முதல் இருபது வருடத்துக்கும் மேலாகப் புயல்களைக் கவனித்தவர். உயரத்தில் இழைஇழையாக ஓடும் மேகங்கள் எந்தத் திசையிலிருந்து விரிகின்றன என்பதை வைத்தே புயலின் மையம் எங்கே என்று கணிப்பார். 1875 செப்டம்பரில் முன்னறிவிப்பைப் பத்திரிகையில் வெளியிட்டவர். 1893இல் அவர் இறந்த பிறகு அவருடைய வழிவந்தவர்கள் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள்.

1898 போருக்குப் பின் கியூபா அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்தது. அமெரிக்க வானிலைத் துறை ஹவானாவில் தன் அலுவலகத்தைத் திறந்தது. அங்கே வந்தவர்களுக்குக் கியூபாக்காரர்கள் எதற்கெடுத்தாலும் பதறுபவர்களாகத் தெரிந்தார்கள். போதாக்குறைக்கு உள்ளூர் மக்கள் பாதிரிமார் சொல்வதைத்தான் நம்பினார்கள். துறைத் தலைவர் வில்லிஸ் மூருக்கு இது பொறுக்கவில்லை. 1900 ஆகஸ்ட் கடைசியில், புயல் பருவம் உச்சத்தில் இருக்கும்போது, அரசுத் தந்திக் கம்பிகளில் கியூபர்கள் வானிலைச் செய்தி அனுப்பக் கூடாது என்று போர்த் துறை மூலம் தடை வாங்கினார்கள்.

இந்த இடத்தில் என் தொழில் புத்தி கொஞ்சம் மூரின் பக்கமும் சாய்கிறது. சர்வர்களைக் கண்காணிக்கும் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்: ராத்திரி இரண்டு மணிக்குச் சும்மா சும்மா அடிக்கும் அலாரத்தை மூன்றாம் தடவை யாரும் மதிக்க மாட்டார்கள். ‘மியூட்’ போட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். பொய் எச்சரிக்கை துறையின் பெயரைக் கெடுக்கும் என்று மூர் பயந்ததில் நியாயம் உண்டு. ஆனால் அவர் நிறுத்தியது பொய் அலாரத்தை அல்ல, தன் கணிப்பைச் சரிபார்க்க இருந்த இன்னொரு கண்ணை.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு புயல் கியூபாவைக் கடந்தது. அது ஃப்ளோரிடா வழியாக வளைந்து அட்லாண்டிக் கரையோரம் மேலே போய்விடும் என்றது வாஷிங்டன். அத்தகைய புயல்கள் அப்படித்தான் வளையும் என்பது அவர்கள் சூத்திரம். பெலனில் இருந்த பாதிரியார் காங்கோய்தே வானத்தையும் நிலவைச் சுற்றிய வட்டத்தையும் பார்த்துவிட்டு, அது வலுத்துக்கொண்டே டெக்ஸஸ் பக்கம் போகிறது என்று சொன்னார். அவர் சொன்னது ஹவானாவிலேயே நின்றது. கடலில் இருந்த கப்பல்களில் அப்போது வயர்லெஸ் கிடையாது. புயலுக்குள் மாட்டியவர்கள் கரைக்குச் சொல்ல வழியில்லை.

செப்டம்பர் 7, வெள்ளிக்கிழமை கால்வெஸ்டனில் கொடி ஏறியது. நடுவில் கறுப்புச் சதுரம் வைத்த சிவப்புக் கொடி, அதற்கு மேலே வெள்ளை முக்கோணம். புயல் காற்று, வடமேற்கிலிருந்து வீசும் என்று அர்த்தம். ஹரிகேன் என்றால் அந்தச் சிவப்புக் கொடி இரண்டு ஏற வேண்டும். ஏறவில்லை.

சனிக்கிழமை விடிந்தபோது ஒரு விநோதம். காற்று வடக்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசுகிறது. அப்படி வீசினால் தண்ணீர் பின்வாங்க வேண்டும். மாறாகக் கடல் தெருவுக்குள் ஏறி வந்தது. கிளைன் திகைத்துப்போனார். எதிர்க்காற்றில் இவ்வளவு உயர்ந்த நீரைத் தான் கண்டதே இல்லை என்று வாஷிங்டனுக்குத் தந்தி கொடுத்தார். ஊர்மக்கள் திகைக்கவில்லை, வேடிக்கை பார்க்கப் போனார்கள். கடலோரக் குளியல் கூடங்கள் பலகை பலகையாகப் பெயர்வதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. பிள்ளைகள் தெருத் தண்ணீரில் ஆடின. தாழ்வான தெருக்களில் வெள்ளம் நிற்பது அவர்களுக்குப் பழகிய சங்கதி.

கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு என்று வானொலியில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த எண்கள் பதினொன்று வரை போகும் என்பது தெரிந்திருக்கும். ஒன்று, தூரத்தில் எங்கோ புயல் சின்னம். பத்து, பெரும் அபாயம். பதினொன்று வேறு வகை. வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது, நிலைமை மோசம் என்று இங்கிருக்கும் அதிகாரி நினைக்கிறார் என்று அர்த்தம். மேலிடத்துச் சொல் வராதபோது கண்ணால் பார்க்கிறவன் தன் பொறுப்பில் ஏற்றலாம் என்ற அனுமதி அது. கிளைனிடம் அப்படி ஒரு கொடி இல்லை. எச்சரிக்கையின் அளவைத் தீர்மானிக்கும் அதிகாரம் வாஷிங்டனுக்கு மட்டுமே.

அன்று தான் கடற்கரையில் குதிரை வண்டி ஓட்டிப்போய் மக்களை உள்ளே போகச் சொன்னதாகக் கிளைன் பின்னாளில் எழுதினார். இந்தப் புயலைப் பற்றிப் புத்தகம் எழுதிய எரிக் லார்சன் அதைச் சந்தேகிக்கிறார். எனக்கு ஒரு பக்கம் சாயத் தெரியவில்லை. சொந்த வீட்டையே அவர் காலி செய்யவில்லை என்பது மட்டும் உண்மை. தம்பி ஜோசப் நகர நடுவுக்குப் போகலாம் என்றார். அண்ணனோ தான் கட்டிய வீட்டின் பலத்தை நம்பினார். அக்கம்பக்கத்தாரும் அதே நம்பிக்கையில் வந்து ஒண்ட, ஐம்பது பேர் உள்ளே இருந்தார்கள். மாலையில் காற்றுமானி மணிக்கு 100 மைல் காட்டிவிட்டுப் பறந்துபோனது. ஏழரை மணிவாக்கில் நான்கே விநாடிகளில் தண்ணீர் நான்கு அடி ஏறியதாகக் கிளைனின் அறிக்கை சொல்கிறது. பெயர்ந்துவந்த டிராம் பாலம் மோதி வீடு சாய்ந்தது. ஐம்பதில் பிழைத்தவர்கள் 18 பேர். கிளைனின் மனைவி கோரா இறந்தார். கர்ப்பமாக இருந்தார்.

ஊரின் மேற்கே கடலோரத்தில் ஓர் அநாதை இல்லம். கன்னியாஸ்திரிகள் துணி காயப்போடும் கயிற்றால் பிள்ளைகளைத் தங்கள் இடுப்போடு கட்டிக்கொண்டார்கள். 10 கன்னியாஸ்திரிகளும் 90 பிள்ளைகளும் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் மூன்று சிறுவர்கள்.

இறந்தவர்கள் 6,000 முதல் 12,000 வரை. பொதுவாகச் சொல்லப்படுவது 8,000. உடல்களைப் படகில் ஏற்றிக் கடலில் விட்டார்கள், அலை திருப்பிக் கொண்டுவந்தது. பிறகு வாரக்கணக்கில் எரித்தார்கள். சுவர் அப்போதுதான் வந்தது. 1904இல் 17 அடி உயரச் சுவரின் முதல் பகுதி முடிந்தது. அதோடு விடாமல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மணற்சேறு இறைத்து ஊரையே உயர்த்தினார்கள். பொறியியல் படித்தவனாக அதைப் பற்றியே பத்துப் பக்கம் எழுத ஆசை. இன்னொரு சமயம்.

1943 ஜூலை 27 அன்று மறுபடியும் அதே கதை, வேறு காரணத்தில். வளைகுடாவில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் சுற்றுகின்றன என்பதால் கப்பல்கள் வாயைத் திறக்கக் கூடாது, வானிலைச் செய்தி தணிக்கைக்குப் போய்த்தான் வர வேண்டும். ஹூஸ்டனில் பலருக்குப் புயல் வருவது காற்று அடித்தபோதுதான் தெரிந்தது. 19 பேர் இறந்தார்கள். அதே நாளில் ஜோசப் டக்வொர்த் என்ற ராணுவ விமானி, சக விமானிகளோடு கட்டிய பந்தயத்துக்காக, ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானத்தில் அந்தப் புயலின் கண்ணுக்குள் புகுந்து திரும்பினார். வேண்டுமென்றே ஹரிகேனுக்குள் பறந்த முதல் ஆள். வானத்தில் ஒருவர் புயலின் கண்ணையே பார்த்துவிட்டு வருகிறார், கீழே இருப்பவர்களுக்கு அது வருகிற சேதியே இல்லை. அன்றைய நிலவரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அம்மாவின் இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்தது 1961 செப்டம்பரில். கார்லா என்ற மிகப் பெரிய ஹரிகேன் வந்துகொண்டிருந்தது. ஹூஸ்டன் தொலைக்காட்சியில் வேலை பார்த்த டான் ராதர் என்ற இளைஞர் கால்வெஸ்டன் வானிலை அலுவலகத்து ரேடார் அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். ரேடார் திரையில் வெள்ளைச் சுழல் ஒன்று தெரிந்தது. பார்க்கிறவர்களுக்கு அது வெறும் புகைதான். வளைகுடாக் கரையின் கோட்டை ஒரு கண்ணாடித்தாளில் வரைந்து திரைமேல் ஒட்டச் சொன்னார் ராதர். அவ்வளவுதான். சுழல் சட்டென்று வளைகுடாவின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நின்றது. தன் ஊர் எங்கே, அது எங்கே என்று ஜனங்கள் முதன்முதலாகத் தங்கள் வரவேற்பறையிலேயே பார்த்தார்கள். டெக்ஸஸ், லூசியானா கரைகளை விட்டு ஐந்து லட்சம் பேர் வரை கிளம்பிப் போனார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு.

அதன் பிறகு புயல் பார்ப்பது இங்கே ஒரு குடும்ப வழக்கமாகவே ஆனது. கட்டம் போட்ட காகித வரைபடத்தை மளிகைக் கடைகளில் இலவசமாகக் கொடுப்பார்கள். ரேடியோவில் அட்சரேகை, தீர்க்கரேகை சொல்லச் சொல்லப் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். என் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜில் அப்படி மூன்று வரைபடங்கள் இன்னும் ஒட்டியிருக்கின்றன. அழித்து அழித்துப் புள்ளி வைத்ததில் ஒன்றில் காகிதமே தேய்ந்து ஓட்டையாகிவிட்டது.

பார்க்கத் தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்ன? 2005இல் கத்ரீனா முடிந்த மூன்றே வாரத்தில் ரீட்டா வந்தது. படம் பார்த்துப் பயந்து 25 லட்சம் பேருக்கும் மேல் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்தார்கள். வெயிலில் வண்டிகள் மணிக்கணக்கில் நகரவில்லை. முதியோர் இல்லத்திலிருந்து ஆட்களை ஏற்றிவந்த பேருந்து தீப்பிடித்து 23 பேர் இறந்தனர். வெளியேறும் வழியில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த அனுபவம் தந்த கசப்பில், 2008இல் ஐக் வந்தபோது, “இரண்டாம் வகைதானே” என்று பலர் நகரவில்லை. ஒன்றிரண்டு மாடி வீடுகளில் தங்குபவர்களுக்கு மரணம் நிச்சயம் என்ற அளவுக்கு வானிலைத் துறை இறங்கிவந்து சொல்லிப் பார்த்தது.

கால்வெஸ்டனுக்குக் கிழக்கே பொலிவார் தீபகற்பம். செப்டம்பர் 12 வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்பலாம் என்று இருந்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தால், வெளியே போகும் ஒரே சாலையின் மேல் கடல். புயல் கரையேற இன்னும் ஒரு நாள் இருக்கிறது. கிளைன் 1900இல் பார்த்துத் திகைத்த அதே விநோதம் என்றுதான் நினைக்கிறேன். ஐக் விஷயத்தில் ஆய்வாளர்கள் பின்னர் விளக்கினார்கள். இந்தக் கரையோரக் கடல் அகலமானது, ஆழமில்லாதது. காற்று கிழக்கிலிருந்து மேற்காகக் கரைக்கு இணையாக நெடுநேரம் வீசினால், பூமி சுழல்வதால் நீர் காற்றின் வலப்பக்கம் ஒதுங்கும். இங்கே வலப்பக்கம் இருப்பது கரை. புயல் எங்கோ இருக்கும்போதே கடல் மெதுவாக ஏறத் தொடங்கிவிடும். சாலையில் மாட்டியவர்களை ஹெலிகாப்டர்களில் தூக்க வேண்டியிருந்தது. புயலின் எண்ணை வைத்துத் தண்ணீரைக் கணிக்க முடியாது என்பது உறைத்தது. வகைப்பட்டியலிலிருந்து அலையேற்ற அளவுகளை நீக்கினார்கள். 2017 முதல் அலையேற்றத்துக்கென்றே தனி எச்சரிக்கை.

பெரிலின்போது அந்த வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் வீடு அதில் இல்லை. தண்ணீர் வராது என்று அம்மாவிடம் சொன்னேன். வரவும் இல்லை. ஜூலை 8 விடியற்காலை மாட்டகோர்டா அருகே கரையேறிய முதல் வகைப் புயல், ஹூஸ்டன் வட்டாரத்தில் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போனது. கொளுத்தும் வெயில். ஏ.சி. இல்லாத வீடுகளில் வெப்பத்தால் ஆட்கள் இறந்தார்கள். எந்தத் தெருவில் மின்சாரம் இருக்கிறது என்று காட்ட வேண்டிய நிறுவனத்தின் வரைபடம் மே மாதத்துச் சூறைக்காற்றிலிருந்தே முடங்கிக் கிடந்தது.

அப்போது யாரோ ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாட்டபர்கர் என்று டெக்ஸஸ்காரர்கள் கொண்டாடும் பர்கர் கடை. அதன் செயலியில் திறந்திருக்கும் கடை ஆரஞ்சு நிறத்திலும் மூடிய கடை சாம்பலிலும் தெரியும். கடை திறந்திருந்தால் அந்தப் பகுதியில் கரண்ட் இருக்கிறது. ஊரே அந்தச் செயலியை வைத்து மின்சாரத்தைத் தேடியது. பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பழைய காகித வரைபடக்காரர் மிடுக்கோடு, தினமும் காலையில் வேலியோரம் வந்து எந்தெந்த ‘டபிள்யூ’ நிறம் மாறியது என்று எனக்கு ஒப்பித்தார்.

எங்கள் முனைக் கடை புதன் மாலை ஆரஞ்சானது. வீட்டுக்குக் கரண்ட் வர வெள்ளி ஆகிவிட்டது. போனில் சொன்னபோது அம்மா வெகுநேரம் யோசித்தார். “கவர்மென்ட்டு கடையாப்பா அது?” என்றார்.