அப்பா பேரா... உங்க பேரா?

கொடுங்கையூரிலிருந்து ஓர் ஆய்வு மாணவி, வெளிநாட்டு இதழுக்குக் கட்டுரை அனுப்புகிறார் என்று வையுங்கள். ‘குடும்பப் பெயர்?’ என்று கேட்கிறது படிவம். நமக்கேது அது? இனிஷியல்தானே! அப்பா பெயரைப் போட்டுவிடுகிறார். அவ்வளவுதான்... அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிற அத்தனை பேரும் அப்பா பெயரைத்தான் முன்னால் எழுதுவார்கள். உழைத்தது மகள், பேர் அப்பாவுக்கு!

இந்தச் சிக்கலுக்கு அன்றே வழி சொன்னவர் ஒரு கணக்கு வாத்தியார். எஸ்.ஆர்.ரங்கநாதன். ‘எஸ்’ ஊர்ப் பெயர், ஷியாலி... அதாவது நம்ம சீர்காழி. ‘ஆர்’ அப்பா ராமாமிர்தம். மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்தியவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1934-ல் வெளியான அவருடைய நூற்பட்டியல் விதிகளில் தென்னிந்தியப் பெயர்களுக்குத் தனிக் கவனிப்பு உண்டு. கடைசியில் நிற்கும் சொந்தப் பெயர்தான் முதலில் வரவேண்டும். இனிஷியல் பின்னால் போகட்டும். பெயருக்குப் பின்னால் ‘ஐயர்’, ‘முதலியார்’ என்று சாதி வால் இருந்தால்? அதை மட்டும் பிடித்துத் தலைப்பாக்கக் கூடாது!

அந்தக் கணக்குப்படி அவர், ‘ரங்கநாதன், எஸ்.ஆர்.’

2012-ல் ‘ஆர்க்கிட்’ என்ற 16 இலக்க எண் வந்தது. ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக் காட்ட அது போதும். ஆனால், மேற்கோள் பட்டியலில் எண்ணா நிற்கிறது? பேர்தான் நிற்கிறது. அதனால் முதல் கட்டுரையிலேயே முடிவு பண்ணிவிடுங்கள்... அங்கே நிற்கப்போவது யார்?